அத்தியாயம் 5: பிரசங்க பீடத்துக்குக் கீழே

ஆண்கள் மட்டுமே போதகராகவும் மூப்பராகவும் இருக்கிற ஒரு சபையில் நீங்கள் இருக்கிறீர்கள். அது வெறும் பழக்கமல்ல, வேதம் அப்படித்தான் கற்பிக்கிறது என்பது அந்தச் சபையின் நம்பிக்கை. உங்கள் நம்பிக்கையும் அதுவே. அல்லது மனதில் ஒன்றிரண்டு கேள்விகள் இருந்தாலும் சபையை விட்டுப் போகிற எண்ணம் இல்லை. விசுவாசத்தில் வளர வேண்டும், கைக்கு ஓர் ஊழியம் வேண்டும், எங்கே ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. இந்த அத்தியாயம் உங்களுக்கு.

பெண் போதகர் ஆகலாமா கூடாதா என்ற வழக்கை இங்கே நான் எடுக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: எல்லாச் சபைக்கும் ஒரே வழக்கம் கிடையாது. தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கிறது; 2013-ல் நந்தியால் பேராயத்துக்கு எகோனி புஷ்பலலிதா பேராயராகவே ஆனார். 1895-ல் கிருஷ்ணகிரியில் தொடங்கிய மிசௌரி லுத்தரன் மிஷனின் வழியில் வந்த இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில் (ஐ.இ.எல்.சி.) குருப்பட்டம் ஆண்களுக்கு மட்டும். பிரதரன் சபைகளில் பெண்கள் முக்காடிட்டு உட்காருவார்கள். அப்பம் பிட்கும் கூட்டத்தில் வாய்விட்டு ஜெபிப்பது ஆண்கள். 1975-ல் நம் பெங்களூரிலேயே தொடங்கிய கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சர்ச்சில் மூப்பர்கள் ஆண்கள்தான். அதே சபையைச் சேர்ந்த டாக்டர் ஆனி பூனன் பெண்களுக்காகப் புத்தகங்கள் எழுதியிருக்கிறார். ஒரே தெருவில் இருக்கிற இரண்டு சபைகளுக்குக்கூடக் கோடு ஒரே இடத்தில் இருக்காது.

எனக்கு இது தெரியாமல் போனது. கோலார் தங்கவயலில் வளர்ந்தவள் நான். பிறந்த வீட்டுச் சபையில் பாட்டு நடத்துவேன், வேதம் வாசிப்பேன். கல்யாணமாகி பெங்களூர் காக்ஸ் டவுன் பக்கம் வந்த இரண்டாவது ஞாயிறு, ஜெப நேரத்தில் எழுந்து சத்தமாக ஜெபித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஆன்ட்டி என் முந்தானையைப் பிடித்து மெதுவாக உட்கார வைத்தார். அன்றைக்கு வாயை மூடினவள் மூன்று வருடம் திறக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது: அந்தக் கட்டுப்பாடு ஞாயிறு ஆராதனைக்கு மட்டும். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் பெண்கள் முறை வைத்து ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். சபை போட்ட கோட்டுக்கு உள்ளே நானே இன்னொரு கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

முதல் மாதம்: கோடு எங்கே என்று கேளுங்கள்

1. நான்கு ஞாயிறு சும்மா கவனியுங்கள். வேத பாடம் யார் வாசிக்கிறார்கள்? பாட்டை யார் எடுத்துக்கொடுக்கிறார்கள்? காணிக்கைப் பை யார் கையில்? சாட்சி சொல்லப் பெண்கள் எழுகிறார்களா? சண்டே ஸ்கூலில் எந்த வயதுப் பையன்கள் வரை பெண்கள் நடத்துகிறார்கள்? முக்காடு எல்லாக் கூட்டத்துக்குமா, ஜெப நேரத்துக்கு மட்டுமா? வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

2. பிறகு போதகரிடம் நேரம் கேளுங்கள். ஆராதனை முடிந்து வாசலில் கை குலுக்குகிற நேரத்தில் கேட்டால் உங்களுக்குக் கிடைப்பது பதிலாக இருக்காது, ஆசீர்வாதமாக இருக்கும். தனியாகப் போக வேண்டாம். கணவரோடோ, சபையில் நல்ல பெயருள்ள ஓர் அக்காவோடோ போங்கள். பாஸ்டரம்மாவும் உடன் இருந்தால் மிக நல்லது.

3. "நான் என்ன செய்யக் கூடாது?" என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எந்த மூப்பரும் நீளமான பட்டியல் வைத்திருப்பார். "நம்ம சபையில பெண்கள் என்னென்ன செய்யலாம், பாஸ்டர்? அதுல இப்ப ஆள் இல்லாத வேலை எது?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

4. கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். "அப்ப, பெண்கள் கூட்டத்துல நான் பாடம் எடுக்கலாம், வாலிபர் கூட்டத்துல ஆண்களும் இருந்தா உங்ககிட்ட முதல்ல கேக்கணும். சரியா புரிஞ்சுக்கிட்டேனா?" வீட்டுக்கு வந்ததும் தேதி போட்டு எழுதிவையுங்கள்.

5. இரண்டு மூப்பர்கள் இரண்டு விதமாகச் சொன்னால், வசதியான பதிலைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டாம். "நீங்க பேசி ஒரு முடிவு சொல்லுங்க, அதுவரை காத்திருக்கேன்" என்று சொல்லுங்கள். காத்திருக்கிற காலத்தில் செய்ய வேலை அடுத்த பகுதியில் இருக்கிறது.

குறிப்பு: சபை எந்த வசனத்தின்மேல் நிற்கிறது என்று நீங்களே படித்திருங்கள். 1 தீமோத்தேயு 2-ம் அதிகாரமும் 1 கொரிந்தியர் 14-ம் அதிகாரமும் கட்டாயம் வரும். கூடவே 1 கொரிந்தியர் 11-ஐயும் வாசியுங்கள். அங்கே பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் பற்றிப் பவுல் பேசுகிறார். ரோமர் 16-ல் பெபேயாளைச் சபையின் ஊழியக்காரி என்றே அறிமுகம் செய்கிறார். வாதாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. கோடு ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்தவளுக்குத்தான் கோட்டுக்கு இந்தப் பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் தெரியும்.

உங்கள் சொந்த வேத வாசிப்பு

ஊழியம் கேட்டு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இந்த இடத்தில் தடுக்குவார்கள். ஜனவரி 1-ம் தேதி முழு வேதாகமத்தையும் வாசிக்கத் தொடங்கி, லேவியராகமத்தில் நின்றுவிடுவார்கள். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள்; ஒரு வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். காலை 5 மணிக்குக் குழாயில் தண்ணீர் பிடித்து, சாப்பாடு கட்டி, 8 மணிக்கு சில்க் போர்டு நெரிசலில் நிற்கிறவளுக்கு அது நடக்காது.

என் கணக்கு வேறு. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம், 52 வாரம். சரியாக முடிந்துவிடும். சனி, ஞாயிறு விட்டுப்போனதைப் பிடிக்க. முதல் வருடம் இது போதும். பழைய ஏற்பாட்டை அடுத்த இரண்டு வருடங்களில் பார்த்துக்கொள்ளலாம்.

1. ஒரே நேரம், ஒரே இடம். பஸ்ஸாக இருந்தாலும் சரி.
2. வாசித்து முடித்ததும் நோட்டில் மூன்று வரி: என்ன நடந்தது, தேவனைப் பற்றி என்ன தெரிந்தது, இன்றைக்கு நான் என்ன செய்ய வேண்டும். மூன்றாவது வரி "நல்லவளாக இருக்க வேண்டும்" என்று வந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். "நாத்தனாருக்கு போன் போட வேண்டும்" என்பது மூன்றாவது வரி.
3. விளக்கவுரையும் யூடியூப் பிரசங்கமும் பிறகு. முதலில் வேதம், உங்கள் கண், உங்கள் நோட்டு.

பெங்களூருக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். கன்டோன்மென்ட் 1809-ல் உருவான காலத்திலிருந்து பட்டாளத்தோடும் பட்டாளத்துக்கு வேலை செய்யவும் வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. பாட்டிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், அம்மா எழுத்துக் கூட்டுவார், மகள் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் படித்தவள். தமிழில் பேசுவாள், பாடுவாள். தமிழ் வேதாகமத்தைத் திறந்தால் ஒரு வசனத்துக்கு இரண்டு நிமிடம். வெட்கப்பட்டு வேதத்தையே மூடிவிடுகிற பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கும் அப்படியானால், எந்த மொழி வேகமாக வருமோ அந்த மொழியில் தினம் வாசியுங்கள். வேகத்தைத் தமிழுக்காகப் பலி கொடுக்க வேண்டாம். அதே அதிகாரத்தைத் தமிழில் போனில் ஒலிப்பதிவாகக் கேளுங்கள், கேட்கும்போது விரலைத் தமிழ் எழுத்தின்மேல் ஓட்டுங்கள். சிறிய சுவிசேஷமான மாற்குவில் தொடங்கினால் 16 நாள்தான். எம்.ஜி. சாலையில் இருக்கிற வேதாகமச் சங்கத்தில் தமிழும் ஆங்கிலமும் பக்கம் பக்கமாக அச்சான பதிப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் தமிழ்ச் சபையில் பாதி ஊழியம் உங்களுக்கு எட்டாது, ஏனென்றால் நீங்கள் உதவ வேண்டிய ஆன்ட்டிமார்களுக்கு வேறு மொழி வராது.

மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியாவுக்கு வந்தபோது முதலில் தங்கியது பெங்களூரில்தான். டெங்குக் காய்ச்சலோடு வந்து சேர்ந்தார். இங்கே ஆங்கிலம் பேசுகிறவர்கள் நடுவில் இருந்தால் தமிழ் வராது என்று கண்டு, அடுத்த வருடமே திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டார். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். சபையில் தமிழ் மட்டுமே பேசுகிற ஒரு பாட்டியோடு வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் உட்காருங்கள், அவருக்குச் சங்கீதம் வாசித்துக் காட்டுங்கள். தப்பாக வாசித்தால் அவரே திருத்துவார், சந்தோஷமாக.

ஓர் அக்காவைப் பிடியுங்கள்

தீத்து 2-ம் அதிகாரத்தில் முதிர்வயதுள்ள பெண்கள் இளையவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று பவுல் எழுதுகிறார். கோடு போடுகிற எந்தச் சபையும் இதை மறுக்காது. ஆனாலும் பெரும்பாலான சபைகளில் இது நடப்பதில்லை. பெரியவர்கள் யாரும் கேட்கவில்லையே என்று இருக்கிறார்கள், சின்னவர்கள் யாரும் கூப்பிடவில்லையே என்று இருக்கிறார்கள்.

நீங்கள் கேளுங்கள். கேட்கும்போது சிறியதாகக் கேளுங்கள். "அக்கா, எனக்கு வழிகாட்டியா இருங்க" என்றால் அவர் மிரண்டுவிடுவார், தனக்கு அந்தத் தகுதி இல்லை என்பார். "அக்கா, ஆறு வாரம், சனிக்கிழமை ஒரு மணி நேரம், பிலிப்பியர் நிருபத்தை ரெண்டு பேரும் சேர்ந்து வாசிக்கலாமா?" என்றால் மாட்டேன் என்று சொல்கிறவர் அபூர்வம்.

யாரைக் கேட்பது? நன்றாகப் பேசுகிறவரை அல்ல. மற்றவர் வீட்டுச் செய்தி அவர் வாயிலிருந்து உங்கள் காதுக்கு எப்போதாவது வந்திருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். வந்திருந்தால், உங்கள் செய்தியும் போகும். மருமகளோடு அவருக்கு எப்படி என்று பாருங்கள். கஷ்டகாலத்தைக் கடந்து வந்தவராக இருந்தால் வேறு எந்தச் சான்றிதழும் வேண்டாம்.

பெண்கள் வேதபாடக் கூட்டம்: படிப்படியாக

பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் அப்பொல்லோவைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு தேவனுடைய வழியை விளக்கினார்கள் என்று அப்போஸ்தலர் 18 சொல்கிறது. சபை நடுவில் அல்ல, தனியாக. ஏமியோடு திருநெல்வேலிக் கிராமங்களில் வீடு வீடாகப் போன பொன்னம்மாளுக்கும் பீடம் இருந்ததில்லை, திண்ணையும் அடுப்பங்கரையும்தான். உங்கள் கூட்டமும் லிங்கராஜபுரத்திலோ நீலசந்திராவிலோ ஒரு வீட்டு முன்னறையில் நடக்கும், பாயில் எட்டுப் பேர்.

1. அனுமதி. நான்கு விஷயங்களைச் சொல்லிக் கேளுங்கள்: எந்தப் புத்தகம், எந்த வீடு, எந்த நேரம், எத்தனை வாரம். "பெண்களுக்கு ஏதாவது ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்" என்று மொட்டையாகக் கேட்டால் மூப்பர்களுக்குப் பயம் வரும், அதில் நியாயமும் இருக்கிறது. நான் ஒருமுறை கேட்காமலே தொடங்கி மூன்றாவது வாரம் நிறுத்த வேண்டி வந்தது. சொல்லிக்கொடுத்ததில் ஒரு தப்பும் இல்லை. சொல்லாமல் செய்ததுதான் தப்பு.

2. சிறிய புத்தகம். ரூத். நான்கு அதிகாரம், நான்கு வாரம். மாமியாரும் மருமகளும், பஞ்சமும் ஊர்விட்டு ஊர் போனதும், வயற்காட்டு வேலையும். யாருக்கும் முன்னுரை வேண்டியதில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தில் தொடங்காதீர்கள். யார் கேட்டாலும் தொடங்காதீர்கள்.

3. தயாரிப்பு. அந்த வார அதிகாரத்தை ஐந்து முறை வாசியுங்கள், ஒரு முறை சத்தமாக. ஐந்து கேள்விகள் எழுதுங்கள். பதில் வேதத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்: "நகோமி ஏன் தன் பெயரை மாற்றிக் கூப்பிடச் சொன்னாள்?" ஆமாம், இல்லை என்று முடிகிற கேள்வி உதவாது. குறிப்பை இரண்டு நாள் முன்பே போதகருக்கு அனுப்பிவிடுங்கள். நாளைக்கு யாராவது "அங்க என்னமோ சொல்லிக்கொடுக்கறாங்களாம்" என்று கிளப்பினால் பதில் சொல்ல அவர் இருக்கிறார்.

4. நேரம். மொத்தம் 75 நிமிடம். பாட்டு 10, வாசிப்பு 10, பேச்சு 35, ஜெபம் 15, அறிவிப்பு 5. வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் இருந்தால் சனிக்கிழமை மாலை நான்கு மணி சரிவரும், ஐ.டி. பெண்கள் மட்டும் என்றால் ஞாயிறு ஆராதனைக்குப் பின். இரு தரப்பும் வந்தால் முதல் தரப்பின் நேரத்துக்கு இரண்டாம் தரப்பு ஒத்துப்போக வேண்டும். விடுப்பு எடுத்தால் சம்பளம் போகிறவர் யார் என்று பாருங்கள்.

5. வட்டமாக வாசிக்கச் சொல்லாதீர்கள். வாசிக்கத் தெரியாதவர் தன் முறை நெருங்க நெருங்க வேர்த்துப்போவார். அடுத்த வாரம் வர மாட்டார். "யார் வாசிக்கறீங்க?" என்று பொதுவாகக் கேளுங்கள். வாசிக்காதவருக்கு வேறு பொறுப்பு: கதையைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வது. பெரும்பாலும் அவர்கள்தான் அதை நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

6. கேளுங்கள், பிரசங்கிக்காதீர்கள். இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பீடம் கிடைக்காத ஏக்கத்தை முன்னறைப் பாயில் தீர்த்துக்கொள்வார்கள். கேள்வி கேட்டுவிட்டுப் பத்து வினாடி வாயை மூடியிருங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும், அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

7. ஜெப விண்ணப்பம். இங்கே ஒரு கண்டிப்பு வேண்டும். கணவர் பெயரும் மாமியார் பெயரும் சொல்லி விண்ணப்பம் வேண்டாம். "வீட்டில் சமாதானத்துக்காக" என்றால் ஆண்டவருக்குப் புரியும். இங்கே சொன்னது எதுவும் சபை வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது என்று முதல் வாரமே சொல்லிவிடுங்கள், மூன்றாவது வாரமும் சொல்லுங்கள்.

8. டீ மட்டும். சிரிக்க வேண்டாம், கூட்டங்களைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். முதல் வாரம் டீ, பிஸ்கட். இரண்டாவது வீட்டில் வடை. மூன்றாவது வீட்டில் கேக். நான்காவது வீட்டில் பிரியாணி. ஐந்தாவது வாரம் வீடு கொடுக்க ஆள் இருக்காது. டீயும் ரஸ்கும், அதற்கு மேல் எதுவும் இல்லை என்று சட்டம் போடுங்கள்.

நான்கு வாரம் முடிந்ததும் நிறுத்துங்கள். ஒரு வாரம் விட்டு, வந்தவர்களையே கேளுங்கள்: தொடரலாமா, எந்தப் புத்தகம்? முடிவு தேதி இல்லாத கூட்டம் ஆள் குறைந்து குறைந்து சாகும், அந்தக் குற்ற உணர்ச்சி நடத்தினவள் தலையில் விழும்.

சண்டே ஸ்கூலும் விடுமுறை வேதப் பள்ளியும் (வி.பி.எஸ்.)

சபை முதலில் உங்களிடம் தருவது இந்த வேலையாகத்தான் இருக்கும். பாடம் நடத்துவது பற்றி நல்ல கையேடுகள் கிடைக்கின்றன. நான் பாதுகாப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பல கையேடுகள் அதைச் சொல்வதில்லை.

1. ஒரு வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள். ஒருவர் வரவில்லை என்றால் இரண்டு வகுப்பைச் சேர்த்துவிடுங்கள்.
2. கதவு திறந்திருக்கட்டும், அல்லது கண்ணாடி இருக்கட்டும்.
3. கழிப்பறைக்குச் சின்னக் குழந்தையைக் கூட்டிப்போவது இருவர். பெண் குழந்தைக்குப் பெண்.
4. யாரிடம் குழந்தையை ஒப்படைக்கலாம் என்று பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள். "மாமா கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்பது போதாது.
5. எந்தப் பிள்ளைக்கு வேர்க்கடலை, முட்டை ஒத்துக்கொள்ளாது என்று பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஒரு குழந்தை உங்களிடம் வந்து யாரோ தன்னைத் தொடக் கூடாத விதத்தில் தொட்டதாகச் சொன்னால்: நம்புங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். குழந்தை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி நேரம் போடுங்கள். 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் அதுவே குற்றம். "சபைக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்" என்று சொல்ல எந்த மூப்பருக்கும் அதிகாரம் இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098. இந்த விஷயத்தில் முதலில் அனுமதி கேட்கிற வேலையே கிடையாது. போன் செய்த பிறகு போதகரிடம் சொல்லுங்கள்.

வீடு சந்திப்பு, ஆஸ்பத்திரி சந்திப்பு

இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் வயதில் மூத்தவராக. போன் செய்துவிட்டுப் போங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள். பிரசவித்த வீடு என்றால் பத்து நிமிடம். குழந்தையைக் கேட்காமல் தூக்க வேண்டாம், பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு வாருங்கள். துக்க வீட்டில் ஏன் நடந்தது என்று விளக்க முயலாதீர்கள். ஒரு சிறு சங்கீதம், ஒரு சிறு ஜெபம்.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரத்தில் மட்டும், நீங்கள் பார்க்கப் போனவரை மட்டும். பக்கத்துப் படுக்கைக்காரருக்காக ஜெபிப்பதானால் அவரோ குடும்பத்தாரோ கேட்டால் மட்டுமே, அதுவும் மெல்லிய குரலில். கைப்பிரதி கொடுக்க வேண்டாம்; பழம், பணம், வேலை என்று எந்த வாக்குறுதியும் வாயில் வரக் கூடாது. கர்நாடகத்தில் 2022-ல் மதமாற்றத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. 2023 ஜூனில் அதை விலக்கிக்கொள்ள அமைச்சரவை முடிவெடுத்தது. சட்டம் எப்படி இருந்தாலும், படுக்கையில் கிடக்கிறவரிடம் கேட்காமல் எதையும் திணிப்பது அன்பில்லை.

பஸ் செலவு பற்றி ஒரு வார்த்தை. 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டத்தில் கர்நாடகப் பெண்களுக்குச் சாதாரண அரசு பஸ்களில் கட்டணம் இல்லை. கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். ஓசூரிலிருந்து வந்து தங்கியிருக்கிற சகோதரிகள் தமிழ்நாட்டு ஆதாரைக் காட்டிக் கண்டக்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

உதவிப் பணம் உங்கள் வழியாகப் போனால் ஒருபோதும் தனியாகக் கையாளாதீர்கள். இருவர் எண்ணி, இருவர் கையெழுத்து.

கோடு தடியாக மாறினால்

கணவருக்குக் கீழ்ப்படிதல் பற்றி இத்தகைய சபைகளில் அடிக்கடி பிரசங்கம் கேட்பீர்கள். எபேசியர் 5-ல் அந்த வசனத்துக்கு அடுத்தே, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோலக் கணவன் மனைவியில் அன்புகூர வேண்டும் என்று இருக்கிறது. அடி வாங்குவது கீழ்ப்படிதலின் பாகம் என்று வேதத்தில் எங்கும் இல்லை.

ஒரு பெண் உங்களிடம் வந்து, கணவர் அடிக்கிறார் என்று சொன்னால்:

1. "இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போறது பத்திரமா?" இதுதான் முதல் கேள்வி. ஜெபம் அதற்குப் பிறகு.
2. இல்லை என்றால் 112. உடனடி ஆபத்து இல்லை, வழி தெரிய வேண்டும் என்றால் பெண்கள் உதவி எண் 181. மனம் உடைந்து உயிரைப் பற்றியே பேசினால் தனியாக விடாதீர்கள். 14416-ல் டெலி மானஸ் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். அந்தச் சேவைக்குத் தலைமை நிலையம் நம் ஊர் நிம்ஹான்ஸ்தான்.
3. ஆதார், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மாத்திரை: இவற்றின் நகலோ அசலோ வெளியே ஓர் இடத்தில் இருக்க உதவுங்கள்.
4. கணவரிடம் நீங்கள் போய்ப் பேசாதீர்கள். நல்ல எண்ணத்தில் அப்படிப் போய்ப் பேசி, அன்று இரவே அந்தப் பெண்ணுக்கு இரண்டு மடங்கு விழுந்த வீட்டை நான் அறிவேன்.
5. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதுகாப்பு அதிகாரி மூலம் மனு செய்யலாம். அந்த வீட்டிலேயே தங்கும் உரிமையையும் கேட்கலாம். இது தெரியாமல்தான் பலர் வாய் திறப்பதில்லை.

மூப்பர்களுக்கு எப்போது சொல்வது என்பதை அந்தப் பெண் முடிவு செய்யட்டும். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

கையில் இருக்கிற வேலையை ஒப்படைப்பது

எந்த ஊழியத்தையும் எடுக்கும்போதே எவ்வளவு காலம் என்று சொல்லி எடுங்கள். இரண்டு வருடம் நல்ல அளவு. முடிய ஆறு மாதம் இருக்கும்போது ஓர் இளையவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: முதல் இரண்டு மாதம் அவள் பார்க்கட்டும், அடுத்த இரண்டு மாதம் பாதி வேலையைச் செய்யட்டும், கடைசி இரண்டு மாதம் அவள் செய்ய நீங்கள் பின்வரிசையில் இருங்கள். அங்கிருந்து திருத்தம் சொல்லி அனுப்பாதீர்கள்.

ஒப்படைக்கிற அன்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: பிள்ளைகள் பட்டியல், எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை போகலாம், யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் காது கேட்காது, டீத்தூள் எங்கே வாங்குவது. சண்டே ஸ்கூல் அலமாரிக்குச் சாவி இரண்டு இருக்கும். இரண்டையும் கொடுத்துவிடுங்கள்.